முதலில் சைபீரியா வரும்

என் வீட்டில் துணி காயப்போட்டால்தான் கடல் வரும். இதைச் சொன்னால் நான் வேலை பார்க்கும் பிளவுஸ் கடையில் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும். சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக் பழையது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கம்பு செருகுவதற்குக் குழாய்கள் இருக்கும். துணியைக் கம்பில் கோத்து, கிளிப் மாட்டி, கம்பை வெளியே நீட்டி, அதன் அடியைக் குழாயில் செருக வேண்டும். என்னுடைய கம்புகளில் ஒன்றின் அடிப்பக்கமாக ஒரு மெல்லிய ஒயர் ஓடுகிறது. அதன் மறுமுனை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து சாப்பாட்டு மேசையில் இருக்கும் ரேடியோவில் சேர்கிறது. ரேடியோவிலிருந்து ஒரு கேபிள் மகளின் பழைய லேப்டாப்புக்குப் போகிறது. கப்பல்களுக்காக அனுப்பும் வானிலைப் படங்களும் எச்சரிக்கைகளும் அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் வருகின்றன.

வெறும் கம்பை நீட்டி வைத்தால் கீழே போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, என்ன ஏது என்று கேட்பார்கள். நாலு துணி தொங்கினால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். அதனால் படம் பார்க்க ஆசை வந்த நாளில் அழுக்குத் துணி இல்லையென்றால், அலமாரியிலிருந்து துவைத்த துணியையே எடுத்து ஒரு முறை அலசிக் காயப்போட்டிருக்கிறேன். "இந்த வீட்டுல என் சட்டை வெளுத்த மாதிரி எவன் சட்டையும் வெளுக்காது" என்பார் என் கணவர். அவர் பேருந்து ஓட்டுகிறார். அந்த ரேடியோவுக்கு அவர் வைத்த பெயர் ஜோசியப் பெட்டி.

பெட்டியைக் கொண்டுவந்து வைத்தவள் என் மகள். அவள் சரக்குக் கப்பலில் மூன்றாம் அதிகாரி. பெண்பிள்ளையைக் கப்பலுக்கு அனுப்பியிருக்கிறாயே என்று சொந்தக்காரர்கள் யாராவது கேட்டால், "அவ என்னைக் கேட்டாளா?" என்று திருப்பிக் கேட்பேன். கேட்கத்தான் இல்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு சொன்னாள். அவள் முதல் பயணம் போன நாளிலிருந்து நான் காலையும் மாலையும் ஒரே செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தேன். அங்கே வெதர் எப்படி? அவளும் ஒரே பதிலைத்தான் அனுப்புவாள். ஓகே லா மா. மழையோ வெயிலோ, கடலோ துறைமுகமோ, எல்லாவற்றுக்கும் அந்த ஓகே லா மா.

விடுமுறையில் வந்தபோது அதைச் சொல்லிச் சண்டை போட்டேன். மறுநாள் ஜாலான் புசார் பக்கம் போய் இந்த ரேடியோவை வாங்கி வந்துவிட்டாள். "நான் சொன்னா நம்ப மாட்டீங்க. இனிமே நீங்களே பாருங்க. கப்பல்ல நாங்க என்ன பார்க்கிறோமோ, அதேதான் இங்கயும் வரும்."

"அதேன்னா?"

"அதேதான் மா. ஜப்பான்ல இருந்து அனுப்புவாங்க. யார் வேணும்னாலும் பிடிச்சுக்கலாம். எங்களுக்கும் வரும், உங்களுக்கும் வரும். ஒரே நேரத்துல."

ஒயரைக் கம்பில் கட்டிப் பெட்டியைப் போட்டாள். முதலில் ஒரு நீண்ட விசில். பிறகு ஒரு சத்தம் தொடங்கியது. கிர்ரிக், கிர்ரிக், கிர்ரிக். யாரோ பக்கத்து வீட்டில் நிதானமாகத் தேங்காய் துருவுகிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு கிர்ரிக்குக்கும் லேப்டாப் திரையில் மேலிருந்து ஒரு முடியளவு கோடு இறங்கியது. ஒரு கோட்டில் ஒன்றும் தெரியாது. நூறு கோடு சேர்ந்ததும் ஒரு கரை தெரிந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கியதும் ஒரு வளைகுடா. வளைவு வளைவாகக் கோடுகள், நடுவில் எண்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஜப்பானில் யாரோ போட்ட கோடு, கடலையும் மலையையும் தாண்டி, என் கணவரின் சட்டைக்கும் என் கைலிக்கும் நடுவே புகுந்து, நான் சாம்பார் வைக்கிற மேசைக்கு வந்து இறங்குகிறது. இத்தனை வருஷமாக இதெல்லாம் இந்தச் சமையலறையைக் கடந்து போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் கப்பலேறிய பிறகு நானே பழகினேன். முதலில் ஒரு படம்கூட ஒழுங்காக வரவில்லை. கொஞ்சம் தாமதமாகப் பிடித்தால் தாள் நடுவில் வெட்டுப்பட்டு ஜப்பான் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாகக் கிடக்கும். லேப்டாப்பில் ஒரு எண் பிசகினால் மொத்த ஆசியாவும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். நாங்கள் மிக்சி போட்டால் கொரியா காணாமல் போகும். எல்ஆர்டி ரயில் எங்கள் புளோக்கை ஒட்டிப் போகும்போதெல்லாம் படத்தின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை விழும். அதைப் பார்த்தே அன்றைக்கு ரயில் ஒழுங்காக ஓடியதா என்று சொல்லிவிடுவேன்.

அந்தக் கோடுகளைப் படிப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. பிளவுஸுக்குச் சாக்கட்டியால் வளைவு போட்டே வயசானவள் நான். கோடுகள் விலகி இருந்தால் காற்று சும்மா இருக்கிறது. நெருங்கினால் காற்று முறைக்கிறது. வட்டமாகச் சுற்றி இறுகினால் அங்கே புயல். பக்கத்தில் எந்தத் திசையில் நகர்கிறது என்று எழுதியிருப்பார்கள். நாளைக்கு எங்கே இருக்கலாம் என்று புள்ளிக்கோட்டில் ஒரு வட்டமும் போடுவார்கள்.

ஒரே ஒரு எரிச்சல்தான். படம் வடக்கிலிருந்து தெற்கே இறங்கும். என் மகள் பெரும்பாலும் சுற்றுவது தென்சீனக் கடலில். அது தாளின் கீழ்ப்பக்கம். எனக்கு ஒரு வேலையும் இல்லாத சைபீரியா முதலில் வரும். அது வந்துகொண்டே இருக்கும். அத்தனை பெரிய நிலத்தை எதற்குப் படைத்தான் என்று தோன்றும். பிறகு மஞ்சூரியா, ஜப்பான், சீனக் கரை என்று ஆடி அசைந்து இறங்கி, தைவான் தெரியும்போது ஒரு பானைச் சோறே வெந்திருக்கும். "சனியனே, சீக்கிரம் கீழ இறங்கேன்" என்று திட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். சிங்கப்பூர் அந்தத் தாளின் ஓரத்தில் எங்கோ, இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபடி இருக்கும்.

ரேடியோவில் வேறொரு இடத்தில் முள்ளை வைத்தால் படம் வராது, எழுத்து வரும். கடல் பாதுகாப்புச் செய்திகள். இன்ன இடத்தில் மிதவை விளக்கு எரியவில்லை. இன்ன இடத்தில் மரக்கட்டை மிதக்கிறது. இன்ன இடத்தில் கப்பல் ஒன்று கேபிள் போடுகிறது, விலகிப் போகவும். பெயர் கிடையாது, அழுகை கிடையாது, ஆறுதல் கிடையாது. சில மணி நேரத்துக்கு ஒரு முறை அதே செய்தி திரும்ப வரும். ஒரு முறை இப்படி வந்தது: ஆள் ஒருவர் கப்பலிலிருந்து விழுந்துவிட்டார், அந்த வழியாகப் போகும் எல்லாக் கப்பல்களும் கூர்ந்து பார்க்கவும். அன்று முழுவதும் அது திரும்பத் திரும்ப வந்தது. மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாள், அந்தச் செய்தி ரத்து என்று ஒற்றை வரி. கிடைத்துவிட்டாரா, தேடுவதை விட்டுவிட்டார்களா, அதில் இல்லை. யார் பெற்ற பிள்ளையோ என்று அன்றைக்கு நான் விளக்கேற்றினேன். ஊர்பேர் தெரியாத ஒருவருக்காக அத்தனை கப்பல்களும் கண்ணை விரித்துக்கொண்டு போயிருக்கும்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் நடந்ததைச் சொல்ல வேண்டும். சிராங்கூன் சாலை முழுக்க விளக்குத் தோரணம், கடையில் பிளவுஸ் மலையாகக் குவிந்து கிடக்கிறது. மகளின் கப்பல் சிங்கப்பூரிலிருந்து கிளம்பி வடக்கே, ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே ஒரு புயல் உருண்டுகொண்டிருந்ததை நான் இரண்டு நாளாகப் பார்த்துவருகிறேன். காலையில் அவளிடமிருந்து செய்தி வந்தது. லூசானுக்கு மேற்கே இருக்கோம் மா. கொஞ்சம் ஆடுது. சாப்பிட்டீங்களா?

சாப்பிட்டேன், புயல் எந்தப் பக்கம் போகுது என்று அனுப்பினேன். ஒற்றை டிக். பத்து முறை பார்த்தேன். ஒற்றை டிக்கேதான். கப்பல் ரொம்ப ஆடினால் சாட்டிலைட் டிஷ் படுத்துவிடும் என்று முன்னமே சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் கப்பல் ரொம்ப ஆடுகிறது. கடை முதலாளிக்குப் போன் செய்து வயிற்றுவலி என்றேன். "தீபாவளி நேரத்துலயா உங்களுக்கு வயித்துவலி வரணும்?" என்றார். ஒருவகையில் வயிற்றுவலிதானே, பெற்ற வயிறு.

விஷயம் இவ்வளவுதான். புயல் பிலிப்பைன்ஸின் வடக்குத் தீவான லூசானில் மோதிவிட்டு வடக்கே தைவான் பக்கம் திரும்பினால் என் மகளுக்குத் தொந்தரவு இல்லை. லூசானைத் தாண்டி மேற்கே இறங்கினால், அது இறங்கும் கடலில்தான் அவள் இருக்கிறாள். அடுத்த படம் மத்தியானம். நான் துணியை அலசிக் கம்பில் கோத்து வெளியே நீட்டினேன். வானம் ஈயப்பாத்திரம் மாதிரி இருந்தது. அதைப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

விசில் கேட்டது. கிர்ரிக், கிர்ரிக். சைபீரியா வந்தது. "சனியனே, சீக்கிரம் கீழ இறங்கேன்" என்றேன். வாய்விட்டுத்தான் சொன்னேன், ஹாலில் படுத்திருந்த கணவருக்குக் கேட்கும்படி. அவருக்கு அன்று ஓய்வு. சைபீரியா போய் ஜப்பான் வந்தது. ரயில் போய் ஒரு பட்டை விழுந்தது. சீனக் கரை இறங்கியது. தைவானின் தலை தெரிந்தது. நான் திரையோடு மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது பக்கத்து வீட்டு மலாய் அம்மா ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார்: "ஹூஜான்! ஹூஜான்!" எங்கள் மாடியில் அதுதான் வழக்கம். முதல் துளியைப் பார்த்தவர் மழை என்று கத்த வேண்டும். கேட்டவர்கள் எல்லாரும் ஓடிவந்து கம்பை உள்ளே இழுக்க வேண்டும். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் கணவரை இந்த விஷயத்தில் பழக்கி வைத்திருக்கிறேன். ஒரு முறை என் பட்டுப்புடவை நனைந்ததற்கு நான் பேசிய பேச்சு அப்படி. மழை என்ற சொல் எந்தப் பாஷையில் காதில் விழுந்தாலும் அவர் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடுவார். அன்றைக்கும் ஓடினார். நான் திரும்புவதற்குள் மூன்று கம்பையும் உருவி உள்ளே போட்டுவிட்டார்.

தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. வெறும் இரைச்சல். திரையில் தைவானுக்குக் கீழே வெறும் சாம்பல் புள்ளிகளாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

நான் போட்ட சத்தத்தில் அவர் வெலவெலத்துப்போனார். "என்ன, என்ன? துணிய எடுத்துட்டேன்ல?"

"ஏங்க, வெளிய போடுங்க! கம்ப வெளிய போடுங்க! நம்ம புள்ள இருக்கற இடம் இப்பதாங்க வருது!"

அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதை இன்றைக்கும் சொல்வேன். இத்தனை நாள் ஜோசியப் பெட்டி என்று கிண்டல் செய்தவர், ஒயர் ஓடும் கம்பை அப்படியே துணியோடு தூக்கி மறுபடி மழையில் நீட்டினார். அவசரத்தில் அடி குழாயில் இறங்கவில்லை. கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றார். நல்லவேளை, இடி இல்லாத மழை. ஆனால் ஊற்றியது. ஜன்னல் வழியாக அடித்த சாரலில் அவர் தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது. பக்கத்து வீட்டு அம்மா, தான் கத்தியது கேட்கவில்லையோ என்று நினைத்துக்கொண்டு, இன்னும் பலமாகக் கத்தினார். மேல்மாடியிலிருந்து ஒரு சீனப் பெரியவர் "கிளோத்ஸ்! கிளோத்ஸ்!" என்றார். எதிர்ப்புளோக்கில்கூட யாரோ கையை ஆட்டினார்கள். அத்தனை பேரும் எங்கள் துணிக்காகத் துடித்தார்கள். என் கணவர் நனைந்த கம்பைப் பிடித்துக்கொண்டு, எல்லாரையும் பார்த்து, "ஓகே, ஓகே" என்று சொல்லிக்கொண்டே நின்றார். மகள் அந்த ஓகேயை யாரிடம் கற்றாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கிர்ரிக். கிர்ரிக். இரைச்சலுக்குள்ளிருந்து கோடுகள் மறுபடி இறங்க ஆரம்பித்தன. லூசானின் வடமுனை வந்தது. அதற்கு மேற்கே கோடுகள் நெருங்கின, இன்னும் நெருங்கின, வளைந்தன, வட்டமாக மூடிக்கொண்டன. நான் அத்தனை இறுக்கமாக வளைந்த கோடுகளைப் பார்த்ததே இல்லை. ஊசி நுழைய இடமில்லை. சொன்னால் தப்பாக நினைக்கக்கூடாது, அது அழகாக இருந்தது. அந்தப் பயத்துக்கு நடுவிலேயே, எத்தனை பெரியது, எத்தனை ஒழுங்காகச் சுற்றுகிறது என்று வாய் பிளந்துதான் பார்த்தேன். கும்பிடத் தோன்றுகிற மாதிரி ஒரு பெரிசு. அது லூசானைத் தாண்டிவிட்டிருந்தது. புள்ளிக்கோட்டு வட்டம் மேற்கே, கடல் நடுவில், சிங்கப்பூரிலிருந்து ஜப்பானுக்குப் போகிற வழியில் உட்கார்ந்திருந்தது.

"என்ன வந்துச்சு?" என்று ஜன்னலிலிருந்து கேட்டார்.

"அவ பக்கமாத்தான் வருது."

கம்பை உள்ளே இழுத்துவிட்டு வந்து, ஈரம் சொட்டச் சொட்ட என் பின்னால் நின்று பார்த்தார். முதல் தடவையாகப் பார்த்தார். "இதுல நம்ம புள்ள எங்க?"

"கப்பலெல்லாம் இதுல போட மாட்டாங்க."

"நாம திருப்பி ஏதாவது சொல்ல முடியாதா?"

முடியாது. அது கேட்கிற பெட்டி, பேசுகிற பெட்டி இல்லை. ஆபத்து எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது, அவளிடம் சொல்ல வழியில்லை. இந்தப் படம் அவள் கப்பலுக்கும் இதே நொடியில் இறங்கியிருக்கும் என்று அவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அங்கே யாராவது அந்த மிஷின் பக்கத்தில் நின்றார்களா? அந்த ஆட்டத்தில் யாருக்கு அதைப் பார்க்க நேரம்? கடைசி வரை வந்ததா, அங்கேயும் பாதியில் நின்றதா? நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஒற்றை டிக் ஒற்றை டிக்காகவே இருந்தது. அன்றிரவு நாங்கள் இருவரும் சமைக்கவில்லை, ஒருவரையொருவர் சாப்பிடச் சொல்லவும் இல்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். தெருவில் நெருக்கியடிக்கும் கூட்டம், பூ வாசம், எல்லாரும் புதுத்துணியும் பலகாரமும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒரு பிளவுஸின் கைக்குப் பட்டி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. என் செய்தி இரண்டு டிக் ஆகியிருந்தது. கீழே அவள் எழுதியிருந்தாள். நாங்க ஓகே மா. தெற்கே திரும்பிட்டோம். நிஜமாவே ஓகே.

அந்தப் பிளவுஸ் மேலேயே அழுதேன். அதற்குச் சொந்தக்காரம்மா எதிரே நின்றுகொண்டிருந்தார். பதறிப்போய், "என்னம்மா, கை சின்னதா வெட்டிட்டீங்களா?" என்றார்.

அவள் வீட்டுக்கு வந்தது தீபாவளி முடிந்து ரொம்ப நாள் கழித்து. எலும்பும் தோலுமாக, முகம் கறுத்து, சிரித்துக்கொண்டே வந்தாள். மீன்குழம்பு வைத்திருந்தேன். மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்தோம், ரேடியோவை ஓரமாகத் தள்ளிவிட்டு. நாங்கள் கம்புக் கதையை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. எப்படித் தெற்கே திரும்பினீர்கள் என்று அவள் அப்பாதான் கேட்டார்.

"டிஷ் போச்சு பா, நெட் இல்ல. எழுத்துல எச்சரிக்கை வந்துட்டுதான் இருந்துச்சு, ஆனா புயல் எப்படித் திரும்பும்னு படமாப் பார்க்கணும்னார் கேப்டன். அந்த மத்தியானப் படத்தை வாங்கிட்டு வான்னு என்னை நிறுத்திட்டார். நான் ஒரு கையால கம்பியப் பிடிச்சுக்கிட்டு மிஷின் முன்னாடி நிக்கறேன். கப்பல் அப்படி ஆடுது. எங்க கடல் அடியில இருக்கு, மேல இந்தச் சைபீரியா வந்துகிட்டே இருக்கு, வந்துகிட்டே இருக்கு." ஒரு வாய் சோறு போட்டுக்கொண்டாள். "எனக்கு ஆத்திரம் வந்துடுச்சு. 'சனியனே, சீக்கிரம் கீழ இறங்கேன்'னு தமிழ்ல சத்தமாவே கத்திட்டேன். பிரிட்ஜ்ல நின்ன அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க. கேப்டனுக்கு என்ன தெரியும், பாவம், பிலிப்பினோ. அது என்ன, உங்க பிரார்த்தனையான்னு கேட்டார். ஆமான்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நாங்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள்.

என் கணவர் சோற்றில் கையை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் நிறைந்துவிட்டது.

"என்ன மா? தப்பா சொல்லிட்டேனா?" என்றாள்.

"இல்ல," என்றேன். "பிரார்த்தனைதான்."